புதுப்பிப்பு: மூவ் ஹீரோஸில் தட்டு இப்போது ஒழுங்காகப் பறக்கிறது

பிளேஸ்டேஷன் 3-இல் 'மூவ் ஹீரோஸ்' ஆடும்போது வீசுகிற தட்டு ஏன் கோணலாகவே போகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது! கையில் பிடித்து அசைக்கும் மூவ் கண்ட்ரோலரில் கோளாறே இல்லை. சோபாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்தான் காரணம். கண்ட்ரோலரின் நுனியில் ஒளிரும் பந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத்தான், நம்மைப் பார்த்தபடி இருக்கும் பிளேஸ்டேஷன் கேமரா தூரத்தைக் கணிக்கிறது. எதிர்வெயிலில் அதற்குப் பந்து சரியாகப் பிடிபடவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு கண்ட்ரோலரை மறுபடி காலிபரேட் (அளவு சரிபார்ப்பு) செய்தேன். அப்புறம் பாருங்கள், மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே தட்டு நினைத்த பக்கம் வளைகிறது. வெவ்வேறு வீடியோ கேம்களின் நாயகர்களான ராட்செட், ஜாக், ஸ்லை மூவரையும் ஒன்றுசேர்த்த 2011 ஆட்டம் இது. எனக்கு மூவருமே உயிர். தம்பியோ ஸ்லையை விட்டுத்தரவே மாட்டேன் என்கிறான். வெளிச்சத்தைக் கவனிக்கச் சொன்னவருக்கு ரொம்ப நன்றி.