மறு: பேஷண்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம் – "நோயர் நலக்கூற்று" சரியா வருமா?

வணக்கம்,

பேஷண்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம், அதாவது நோயாளி தன் உடம்பு எப்படி இருக்குன்னு தானே சொல்றது, அதுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னுதானே பேச்சு. அதுக்கு வந்த "நோயாளி அறிவித்த விளைவு" எனக்கு ஒத்து வரல ஐயா. விளைவுன்னா நம்ம ஜனங்களுக்கு உடனே பக்கவிளைவுதான் ஞாபகம் வரும், அறிவிப்புன்னா தாலுக்கா ஆபீஸ் போர்டு. அடுத்து வந்த "தன்னலக் கூற்று" வேணவே வேணாம், சுயநலம்னு ஆயிடும்.

இது வெறும் பேர் விவகாரம் இல்லங்க. குடியாத்தத்துல எங்க பெரியம்மா பீடி சுத்தறவங்க, பக்கவாதம் வந்து வலது கை போய் பாதி திரும்புச்சு. பக்கவாதத்துக்கு அப்புறம் எவ்வளவு முடியாம இருக்குன்னு அளக்கற ரேங்கின் ஸ்கேல்ல டாக்டர் 2 போட்டாரு. அந்த ஸ்கேல் 0ல இருந்து 6 வரைக்கும், 0ன்னா ஒரு குறையும் இல்ல, 6ன்னா இறப்பு, 2ன்னா பழைய வேலை எல்லாம் முடியாட்டியும் தன் காரியத்த தானே பாத்துக்குவாங்க, அதுல தப்பே இல்ல, நடக்கறாங்க, தானே குளிக்கறாங்க. ஆனா இலையில தூள வச்சு உருட்டி நூல் கட்டற எடத்துல விரல் நின்னுடுது, கட்டு அவுந்து தூள் மடியில கொட்டுது. "கை கீதுபா, என் பேச்ச கேக்க மாட்டுது, ராவுல தூக்கமே வரல"ன்னாங்க. அந்த தூக்கம் வராதது 2ங்கற நம்பர்ல எங்க இருக்கு?

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009ல சொன்ன விளக்கமும் இதான்: நோயாளி சொன்னத டாக்டரோ வேற யாரோ தன் பங்குக்கு அர்த்தம் பண்ணாம அப்படியே எடுக்கணும். யார் சொன்னாங்கங்கறதுதான் இதுக்கு உயிர். அகப்பாட்டு படிச்சவங்களுக்கு இது புதுசா என்ன, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்றுன்னு பிரிச்சுதானே படிக்கறோம். அதனால "நோயர் நலக்கூற்று".

கூற்றுன்னா எமனாச்சேன்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. நியாயம்தான், பக்கவாதம் வந்த வீட்டுல அந்த பயம் லேசானதில்ல. ஆனா முன்னாடி "நல" சேந்தா எமன் ஞாபகம் வராது, "வாக்குமூலம்" மாதிரி போலீஸ் வாடையும் இல்ல.

இடதுபக்க மூளை அடிபட்டு பேச்சு போனவங்களுக்கு பொண்ணோ மருமகளோ பதில் சொல்வாங்க, அத நோயாளி சொன்னதோட கலக்கவே கூடாது, அதுக்கு "உடனிருப்பவர் கூற்று"ன்னு தனியா. ஆனா பேச்சு இல்லாதவங்க சிரிக்கற முகம், அழற முகம் போட்ட படத்த விரலால தொட்டு காட்டினா அது நோயர் கூற்றுதான், "வாய்மொழி"ங்கற பேர நான் தள்ளறதுக்கு காரணமே அதான்.

பக்கவாதம் வந்த 90வது நாள் கேக்கற படிவத்துல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் வேணும். "உடனிருப்பவர்" போடலாமா, இல்ல வேலூர் ஆஸ்பத்திரிகள்ல எல்லாரும் சொல்ற "அட்டெண்டர்"ரே இருக்கட்டுமா, சொல்லுங்க.