ஃபெடோர் எமிலியானென்கோவிடம் சாம்போ எங்கே இருக்கிறது?

கரிகாலன்:
ரஷ்ய வீரர் ஃபெடோர், ஜப்பானின் பிரைட் போட்டிகளில் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) போட்ட பழைய சண்டைகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். எல்லோரும் அவரைச் சாம்போ மல்லர், அதாவது ரஷ்ய மல்யுத்தக் கலையில் வந்தவர் என்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை குத்துதான் அதிகம். இதில் சாம்போ எங்கே? அந்த விளையாட்டில் அவர் உண்மையாகவே பெரிய ஆளா, இல்லை விளம்பரத்துக்குச் சொல்கிறார்களா?

ஜூடோ மணி:
விளம்பரம் இல்லை. காம்பேட் சாம்போவில் 2002, 2005, 2007 என மூன்று முறை உலகச் சாம்பியன், அதுவும் அதிக எடைப் பிரிவில்.

சாம்போவில் இரண்டு வகை உண்டு. விளையாட்டுச் சாம்போவில் குத்தும் கிடையாது, கழுத்தை நெரிப்பதும் கிடையாது. கால் பூட்டு போடலாம், அதாவது கால் மூட்டைப் பிடித்துத் திருகி எதிராளியைப் பணிய வைக்கலாம். காம்பேட் வகையில் குத்து, உதை, நெரிப்பு எல்லாம் உண்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு. அதனால் குத்து தெரிந்தால் சாம்போ இல்லை என்று ஆகாது. அவருடைய வலதுகையைக் கவனியுங்கள். தோளிலிருந்து வளைந்து வீசி வரும். பட்டாலும் சரி, தப்பினாலும் சரி, அந்தக் கை எதிராளியின் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். அடுத்த நொடி பிடி, பிறகு தரை. குத்தே பிடிக்கு வழி போடுகிறது.

இன்னொன்று, தரையில் அவருடைய வேகம். சாம்போவில் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடந்தால் நடுவர் எழுப்பிவிடுவார். அதனால் கையோ காலோ கிடைத்த உடனே பூட்ட வேண்டும். 2004 ஜூனில் கெவின் ராண்டில்மேன் இவரை இடுப்போடு தூக்கிப் பின்பக்கமாகத் தலைகீழாக அறைந்தார். வேறு யாராக இருந்தாலும் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். இவர் புரண்டு மேலே வந்து, கையைத் திருகிப் பூட்டி ஜெயித்துவிட்டார். மொத்தச் சண்டையே 1 நிமிடம் 33 நொடிதான்! 2007 டிசம்பர் 31-இல் எதிரே நின்ற சோய் ஹாங்-மான் 218 செ.மீ. உயரம், ஃபெடோர் 183 இருப்பார். கீழே கிடந்தபடியே கையைப் பிடித்து நீட்டிப் பூட்டினார்.

ஆள் வளர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1976-இல் உக்ரைனின் ருபிஷ்னேயில் பிறந்தார், சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ரஷ்யாவின் ஸ்டாரி ஒஸ்கோலுக்குப் போய்விட்டது. அப்பா வெல்டர், அம்மா ஆசிரியை. தம்பி அலெக்சாண்டரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று அவனையும் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். அந்தத் தம்பியும் பின்னாளில் காம்பேட் சாம்போ உலகச் சாம்பியன் ஆனார். ஃபெடோர் தொழிற்பள்ளியில் படித்தது எலக்ட்ரீஷியன் வேலை. அப்புறம் ராணுவம். 1998-இல் ரஷ்ய தேசிய ஜூடோவில் வெண்கலம். சாம்போவிலும் ஜூடோவிலும் வருமானம் போதவில்லை, 2000-இல் தொழில்முறைச் சண்டைக்கு வந்தார்.

வெண்ணிலா:
சாம்போவிலேயே ஒரு பல்கேரியரிடம் தோற்றாரே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஜூடோ மணி:
சொல்லத்தான் வேண்டும், எனக்கு ஃபெடோரை மிகவும் பிடித்துப்போனதே அந்தத் தோல்வியால்தான். 2008 ஜூலையில் அமெரிக்காவில் டிம் சில்வியாவை 36 நொடியில் முடித்தார். உலகத்தில் இவரை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உலகச் சாம்போ போட்டி. பெரிய பணம் அங்கே கிடையாது. தோற்றால் பெயர்தான் போகும். ஆனாலும் சாம்போ சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். அரையிறுதியில் பிளாகோய் இவானோவ் என்ற 22 வயதுப் பையனிடம் புள்ளிகளில் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். தொழில்முறையில் உச்சியில் இருக்கும் எத்தனை பேர் இப்படிப் போய் நிற்பார்கள்?

இவானோவும் லேசுப்பட்டவர் இல்லை. 2012-இல் சோபியாவில் கத்திக்குத்து வாங்கி, இதயத்திலேயே காயம்பட்டு, நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவர். பிறகு மறுபடியும் சண்டைக்கு வந்தார், அமெரிக்காவின் பெரிய கலப்புச் சண்டை அமைப்பான யுஎஃப்சி வரைக்கும் போனார். "ஃபெடோரை ஜெயித்தவர்" என்ற ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கரிகாலன்:
நன்றி. சரி, எதை முதலில் பார்க்கலாம்?

ஜூடோ மணி:
ராண்டில்மேன் சண்டையிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் 2005 ஆகஸ்ட், மிர்கோ கிரோ காப். அது முழு நேரமும் நடந்த சண்டை, பொறுமையாகப் பாருங்கள். உதைக்குப் பேர்போன ஆளை முன்னேறிப் போய் நெருக்கி, உதைக்க இடம் விடாமல் ஒட்டிக்கொண்டு தரைக்குக் கொண்டு போவார். குத்துகளை விட்டுவிட்டு இடுப்பையும் காலடியையும் மட்டும் பாருங்கள், நீங்கள் தேடும் சாம்போ அங்கே இருக்கிறது.