12 வெள்ளி மௌஸ் பேட் துப்பாக்கி விளையாட்டுக்குப் போதுமா?

செங்காங் வாசி:
சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் 12 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய துணி பேடை எட்டு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். அகலம் 45 சென்டிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டர், அடியில் ரப்பர். வேலரண்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் விலையைவிட அகலமே முக்கியம், ஆகவே இது போதும் என்பேன். மௌஸை 40 சென்டிமீட்டர் நகர்த்தினால் திரையில் என் வீரர் ஒரு முழுச் சுற்று திரும்பும்படி வைத்திருக்கிறேன். ஆகவே முதுகுப்பக்கம் வருபவரை நோக்கித் திரும்ப 20 சென்டிமீட்டர் தேவை. 25 சென்டிமீட்டர் அகலமுள்ள அலுவலக பேடில் நடுவிலிருந்து ஒரு பக்கத்திற்கு 12.5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும் என்பதால், பாதித் திருப்பத்தில் மௌஸைத் தூக்கி வைக்க நேர்கிறது. அந்த நொடியில் குறி நின்றுவிடுகிறது.

தெம்பனிஸ் குறியாளர்:
அகலக் கணக்கை ஏற்கிறேன், 'போதும்' என்ற முடிவை ஏற்கவில்லை. ஏறத்தாழ அதே விலையில் நான் வாங்கிய பேடில், நான்காவது மாதமே நடுப்பகுதி பளபளத்து, ஓரத்தில் ஒரு வேகமும் நடுவில் வேறொரு வேகமுமாக மௌஸ் ஓடத் தொடங்கியது. குறிவைப்பது கைப்பழக்கம். ஒரே விசைக்கு ஒரே தூரம் நகராத பரப்பில் அது படியாது. குளிரூட்டி இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அறையில், ஆண்டிறுதி மழைக்காலத்தில், துணி ஈரத்தை இழுத்து இன்னும் மந்தமாகிவிடுகிறது.

செங்காங் வாசி:
ஈரம் 60 வெள்ளித் துணியையும் விட்டுவைக்காது, அண்ணா. அதை விலை மலிவின் குறையாகக் கொள்வது நியாயமன்று. நடுவில் மௌஸ் இழுப்பதற்குப் பெரும்பாலும் வியர்வையும் தோலின் எண்ணெயுமே காரணம். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளைக் குளிர்ந்த நீரில் கலந்து, கையால் மெல்லத் தேய்த்து, முறுக்காமல் துண்டில் ஒற்றியெடுத்து, நிழலில் காயவைக்கிறேன். துணியோடு துணியாக மூங்கில் கழியில் வெயிலில் போட்டால் ரப்பர் கெட்டுவிடும்.

தெம்பனிஸ் குறியாளர்:
நானும் கழுவினேன், தம்பி. பிசுபிசுப்பு போயிற்று, பளபளப்பு போகவில்லை. தேய்ந்த இழை கழுவினால் மீளாது. ஆண்டுக்கு மூன்று முறை மாற்றினால் 36 வெள்ளி ஆகிறது. ஒவ்வொரு முறையும் புதிய பரப்புக்குக் கையைப் பழக்க வேண்டியும் இருக்கிறது.

ஈசூன் தந்தை:
பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகனுக்காகக் கேட்கிறேன். விலை கூடினால் குறியின் துல்லியம் கூடுமா?

செங்காங் வாசி:
கூடாது, ஐயா. மௌஸின் ஒளி உணரி, தனக்குக் கீழுள்ள பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டே நகர்வைக் கணிக்கிறது. ஒரே நிறமான சாதாரணத் துணியே அதற்குப் போதும். பளிங்கு போன்ற கண்ணாடி மேசைதான் அதைத் தடுமாற வைக்கும்.

தெம்பனிஸ் குறியாளர்:
உணரியைப் பற்றி அவர் சொல்வது சரி. முதல் பேடாக 12 வெள்ளியுடையதையே வாங்கிக் கொடுங்கள். தேய்மானம் ஒரே இடத்தில் சேராதிருக்க, மாதந்தோறும் அதன் மேல் ஓரம் கீழ்ப்பக்கம் வரும்படி அரைச்சுற்று சுழற்றிப் போடச் சொல்லுங்கள். கடையில் ஓரத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், ஐயா. தையல் துணியைவிட மேடாக இருந்தால், மணிக்கட்டு நாள்தோறும் அதில்தான் உரசும்.