மறைவு யார்டில் வண்டி எங்கே நிற்கிறது? மாதிரி ரயில் லேஅவுட்டில் கேமரா பொருத்தியவர்களின் அனுபவங்கள்

மீட்டர்கேஜ் எழுதியது:

மேலே நிலையம், அடியில் மறைவு யார்டு (பார்வையில் படாமல் வண்டிகளை நிறுத்திவைக்கும் தடங்கள்) என்ற அமைப்பு இங்குள்ள பலருக்கும் பழக்கமானது. நிஜ ரயிலின் 87இல் ஒரு பங்கு அளவில் (1:87) அமைந்த எனது லேஅவுட்டின், அதாவது மாதிரி ரயில் அமைப்பின், கீழ்த்தளத்தில், வீட்டுக் காவலுக்கென விற்கப்படும் வைஃபை கேமரா ஒன்றைப் பொருத்தி, கைப்பேசியில் படத்தைப் பார்த்தபடியே வண்டிகளை நிறுத்தி வந்தேன். பெட்டியின் எண்ணைக்கூட வாசிக்கும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தது. ஒருநாள் மாலை, திரையில் என்ஜின் தடத்தின் முடிவை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தபோதே, பலகைக்கு அடியில் அது பஃபரில் (தடத்தின் முடிவில் உள்ள தடுப்பில்) மோதிய ஓசை கேட்டது. ஓசை கேட்ட பிறகும் திரையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கணக்கு எளிமையானது. மணிக்கு 30 கி.மீ. என்னும் வேகம் நமது அளவில் நொடிக்குச் சுமார் 9.6 செ.மீ. ஆகிறது. கேமரா படத்தைச் சுருக்குவதற்கும், அது ரௌட்டர் வழியாகவும் இணையம் வழியாகவும் சுற்றி வருவதற்கும், செயலி அதைச் சேமித்துவைத்துக் காட்டுவதற்கும் மூன்று நொடிகள் போனால், அதற்குள் வண்டி 29 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டி ஒன்றின் நீளமே நமது அளவில் 25.6 செ.மீ.தான். ஆகவே கேமரா வாங்குவோர் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னர், எவ்வளவு தாமதம் என்று கேட்க வேண்டும். நான் இப்போது மானிட்டருடன் கேபிளால் நேரடியாக இணைத்த ஏஹெச்டி (அனலாக் முறையில் படத்தை அனுப்பும்) கேமராவைப் பயன்படுத்துகிறேன்; கண்ணுக்குத் தெரியும் தாமதம் எதுவும் இல்லை.

பல்சக்கரம் எழுதியது:

எனக்கு நேர்ந்தது வேறு. தாமதத்தால் எந்தத் தொல்லையும் ஏற்படவில்லை. கேமராவின் வெளிச்சமே தொல்லையாயிற்று. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடியும் எதிர்ப்பக்கம் ஏற்பியும் வைத்து, கதிர் மறைந்தால் வண்டி நிற்கிறது என்று அறியும் முறையை நீண்டகாலமாகப் பயன்படுத்தி வருகிறேன். கேமராவைப் பொருத்திய அன்று, திரையில் பெட்டிகள் பாயின்ட்டின் (தடம் மாற்றும் இடத்தின்) மேல் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ தடம் காலி என்று பச்சையாக எரிந்தது. தானியங்கிக் கட்டுப்பாடு விளக்கை நம்பிப் பாயின்ட்டைத் திருப்பியதில், ஒரு பெட்டியின் முன்போகியும் பின்போகியும் (போகி என்பது பெட்டியின் அடியில் உள்ள சக்கரச் சட்டம்) வெவ்வேறு தடங்களில் போயின. இருட்டைக் கண்டதும் கேமரா தனது அகச்சிவப்பு விளக்குகளைத் தானாக ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒளி ஏற்பியின் மீது விழுந்ததால், கதிர் மறைக்கப்படவே இல்லை என்று அது கருதிவிட்டது. கேமராவின் விளக்குகளைக் கறுப்பு டேப்பால் மூடி, கூரையில் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை மீண்டும் வரவில்லை.

கரிஎன்ஜின் எழுதியது:

மீட்டர்கேஜ் அவர்களின் கருத்தை முழுவதுமாக ஏற்க இயலவில்லை. அவருக்கு வேண்டியது வண்டியை நிறுத்துவதற்கான கண். எனக்கு வேண்டியது வண்டி ஏன் தடம் புரண்டது என்று சொல்லும் சாட்சி. ஹெலிக்ஸின் (தளங்களுக்கு இடையே வண்டி சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் சுருள் தடத்தின்) இரண்டாம் சுற்றில் ஒரே பெட்டி அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்தது. பதிவுசெய்த காட்சியை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தபோது, இரண்டாவது போகியின் முன்சக்கரம் தண்டவாள இணைப்பில் மெல்ல ஏறி, சிறிது தூரம் விளிம்பின் மேலேயே பயணம் செய்து, பிறகு வெளிப்புறமாக விழுவதைக் கண்டேன். அந்த ஒரு காட்சிக்காக எத்தனை நொடித் தாமதத்தையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

ஆனால் அப்படிப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் கேமரா ஒரு பிரேமுக்கு இருபத்தைந்தில் ஒரு நொடி வரை திறந்திருந்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு ஒப்பாக ஓடும் வண்டி அதற்குள் 7 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். நமது பெட்டிச் சக்கரத்தின் விட்டமே சுமார் 10.5 மி.மீ. என்பதால் படத்தில் சக்கரம் வெறும் தீற்றலாகவே தெரியும். நல்ல வெளிச்சத்தில் இருநூற்றில் ஒரு நொடி போதுமானால், அதே நகர்வு 1 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். மேலும், தாமதத்துக்குக் கேமராவை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. கணினியில் விஎல்சி என்ற காணொளிச் செயலி கொண்டு பார்ப்பவர்கள், வலையமைப்புக் காட்சிகளுக்கு அது இயல்பாகவே ஒரு நொடி அல்லது அதற்கு மேலான சேமிப்பு வைத்திருப்பதை அறிந்து, அந்த எண்ணைக் குறைத்துப் பார்க்கட்டும்.

சிக்னல்கை எழுதியது:

எனது அனுபவம் சிறியது. வாங்கிய கேமரா 20 செ.மீ. தொலைவில் இருந்த வண்டியை மங்கலாகவும், அறையின் எதிர்ச்சுவரைத் துல்லியமாகவும் காட்டியது. அதன் லென்ஸ் எம்12 மரையில் (12 மி.மீ. திருகுமரையில்) அமைந்தது. ஒட்டியிருந்த பசையை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு லென்ஸை வெளிப்புறமாகச் சுமார் எட்டில் ஒரு சுற்றுத் திருப்பியதும், பஃபரின் திருகாணி வரை தெளிவாகிவிட்டது. அவ்வளவுதான்.

இருப்பினும் மேலே எழுதியவர்கள் அனைவரும் கேமராவின் வகையைப் பற்றியே பேசுவதால், அதை வைக்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். யார்டின் நீளவாக்கில் பார்க்கும்படி கேமராவை வைக்காதீர்கள். முதல் தடத்தில் நிற்கும் வண்டி மற்றத் தடங்களை மறைத்துவிடும். நாம் அறிய வேண்டியது கடைசிப் பெட்டி ஃபவுலிங் மார்க்கை (பக்கத்துத் தடத்தில் போகும் வண்டி இடிக்காமலிருக்கப் பெட்டி தாண்டி நிற்க வேண்டிய எல்லைக்கோட்டை) கடந்து உள்ளே போய்விட்டதா என்பது மட்டுமே. ஆகவே பாயின்ட்டுகள் கூடும் இடத்துக்கு நேர் மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும்படி வையுங்கள். கிடைமட்டத்தில் ஏறத்தாழ 100 பாகைக் கோணம் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸ் என்றால், 30 செ.மீ. உயரத்திலிருந்து சுமார் 70 செ.மீ. அகலம் தெரியும். தண்டவாளத்தின் ஓரத்தில் ஃபவுலிங் மார்க்கை வெள்ளைப் பெயின்ட்டால் தடித்த கோடாகத் தீட்டிவிடுங்கள். கேமராவுக்கான 12 வோல்ட் மின்சாரத்தைத் தண்டவாளத்தின் டிசிசி (தண்டவாளம் வழியாக மின்சாரத்தையும் கட்டளைகளையும் சேர்த்து அனுப்பும் டிஜிட்டல் முறை) இணைப்பிலிருந்து எடுக்க வேண்டாம். அது திசை மாறிக்கொண்டேயிருக்கும் சதுர அலை. தனி அடாப்டர் வைத்தால், ஷார்ட் ஏற்பட்டு டிசிசி நின்றுபோன வேளையிலும் கேமரா உயிரோடு இருக்கும். உண்மையில் நமக்கு அது மிகவும் தேவைப்படும் வேளை அதுதான்.

இன்னொன்று: கேமரா சென்சாருக்கு மாற்றாகாது. பிளாக்கில் (தனியாகப் பிரித்த தடப் பகுதியில்) மின்னோட்டத்தை உணரும் டிடெக்டரைப் போட்டு, பெட்டிச் சக்கர அச்சுகளில் 10 கிலோஓம் மின்தடையை வைத்தால், என்ஜின் இல்லாமல் விட்டுப்போன தனிப்பெட்டியையும் அது காட்டிக்கொடுக்கும். பல்சக்கரம் அவர்கள் இந்த முறைக்கு மாறினால், ஏற்பியின் மீது எந்த ஒளி விழுகிறது என்ற கவலையே இராது. 2001இல் திறக்கப்பட்ட, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள மாதிரி ரயில் கண்காட்சியான மினியாட்டூர் வுண்டர்லாண்டில் வண்டிகளைக் கணினிகளே ஓட்டுகின்றன; ஆயினும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர்கள் கேமராப் படங்களையும் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

மீட்டர்கேஜ் எழுதியது:

கரிஎன்ஜின் ஐயா சுட்டிக்காட்டிய வேறுபாடு சரியானது. நிறுத்துவதற்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என்று பிரித்துப் பேசியிருக்க வேண்டும். ஹெலிக்ஸில் எத்தனை கேமராக்கள் வைத்திருக்கிறீர்கள், அவற்றை ஒவ்வொரு சுற்றிலும் வைத்தீர்களா, அல்லது நடுவில் ஒன்றை வைத்து எல்லாச் சுற்றுகளையும் பார்க்கிறீர்களா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். எனது ஹெலிக்ஸில் சுற்றுகளுக்கு இடையே 9 செ.மீ. இடைவெளிதான் இருக்கிறது.