ஸ்டீம் விட்டால் வால்வு ஒழுகுகிறது, எதை மாற்றலாம்?

காரைக்குடி_லைன்:
வணக்கம். நிரப்பும் லைனுக்குத் தினமும் காலையில் கிருமி சாக ஸ்டீம் விட்ட பிறகுதான் சரக்கு ஓட்டுகிறோம். பால் வால்வுகள் (உள்ளே துளையிட்ட பந்து திரும்பும் வகை) தண்டுப் பக்கம் கசிய ஆரம்பித்துவிட்டன. லேப்பில் கிருமி எண்ணிக்கையும் அடிக்கடி எகிறுகிறது. எந்த வால்வு தாங்கும்? நாளைக்குள் ஆர்டர் போட வேண்டும்.

தேவகோட்டை_ஃபிட்டர்:
என்ன சரக்கு? என்ன சைஸ்? எவ்வளவு பிரஷர், எவ்வளவு நேரம்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி அண்ணே?

டிராப்_பித்தன்:
வால்வை விடுங்கள். லைனின் தாழ்வான இடத்தில் ஸ்டீம் டிராப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) இருக்கிறதா? கன்டென்சேட், அதாவது ஸ்டீம் குளிர்ந்த தண்ணீர், தேங்கினால் அந்த இடத்தில் சூடு ஏறவே ஏறாது.

மூத்த_வால்வு:
இதெல்லாம் டிப்ளமா முதல் வருஷப் பாடம். பால் வால்வை மூடினால் பந்தின் துளையிலும் சுற்றியுள்ள இடுக்கிலும் சரக்கு மாட்டிக்கொள்ளும், ஸ்டீம் அங்கே எட்டாது. டயாஃப்ரம் வால்வு போடுங்கள், ஒரு சவ்வுதான் அமுங்கி வழியை அடைக்கும், தண்டு சரக்கைத் தொடாது. சவ்வுக்கு இபிடிஎம் என்ற ரப்பர் போதும், நீராவிக்கு அசராது.

காரைக்குடி_லைன்:
ஒன்றரை இஞ்ச். தேங்காய்ப்பால். கேஜில் 15 பவுண்டு, அரை மணி நேரம்.

தேவகோட்டை_ஃபிட்டர்:
தேங்காய்ப்பாலா! முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா? எண்ணெய்ப் பசை பட்டால் இபிடிஎம் உப்பிப்போகும், மூத்தவரே. சரக்குப் பக்கம் பிடிஎஃப்இ (டெஃப்லான்), முதுகில் இபிடிஎம் உள்ள டயாஃப்ரமாகக் கேளுங்கள். படுக்கை லைனில் வால்வை நிமிர்த்தி மாட்டாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் கோணத்துக்குச் சாய்க்காவிட்டால் வால்வுக்குள் இருக்கும் நடுத்திட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும். முதல் சில ஸ்டீமுக்கு அப்புறம், ஆறியதும் போல்ட்டை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

டிராப்_பித்தன்:
15 பவுண்டுக்கு 121 டிகிரி என்பது காற்று கலக்காத ஸ்டீமுக்கு. காற்று வெளியேறாவிட்டாலும் கேஜ் 15 காட்டும், சூடு மட்டும் குறைவாக இருக்கும். டிராப்புக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

பள்ளத்தூர்_பாய்லர்:
பாய்லருக்கு என்ன தண்ணீர்? போர் தண்ணீர் என்றால் உப்பு படியும். ஊருணித் தண்ணீர் எடுங்கள்.

மூத்த_வால்வு:
சேற்றையும் பாசியையும் பாய்லரில் ஊற்றச் சொல்கிறீர்களா? தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்க சாஃப்ட்னர் என்று ஒன்று இருக்கிறது தம்பி.

பள்ளத்தூர்_பாய்லர்:
எங்கள் ஊருணித் தண்ணீரில் பருப்பு எப்படி வேகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தேவகோட்டை_ஃபிட்டர்:
பருப்பை விடுங்கப்பா. பாய்லர் நுரைத்தால் அழுக்குத் தண்ணீரும் ஸ்டீமோடு சேர்ந்து லைனுக்குள் வரும். அதற்கு என்ன செய்வது?

காரைக்குடி_லைன்:
பிடிஎஃப்இ டயாஃப்ரம் வந்தது, சாய்த்து மாட்டியாச்சு. கசிவு இல்லை. எல்லோருக்கும் நன்றி.

டிராப்_பித்தன்:
சரி, டிராப் போட்டீர்களா? தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது?