ஹிட்டைட் பேரரசு சாய்ந்தது நோயாலா, வறட்சியாலா?

அரூர்வாசி:
ஒரு வீடியோவுல கொள்ளைநோய்ங்கறாங்க, இன்னொண்ணுல வறட்சிங்கறாங்க. எது சரி? மூணு வருஷம் மழை பொய்ச்சா பேரரசே போயிடுமா? நம்ம தருமபுரி பார்க்காத வறட்சியா?

ராயக்கோட்டை:
முதல்ல வருஷக் கணக்கைப் பாருங்க. இன்னைக்குத் துருக்கி இருக்கற இடத்துல ஆண்ட ஹிட்டைட் பேரரசு சாய்ஞ்சது கி.மு. 1200 வாக்குல. கொள்ளைநோய் வந்தது கி.மு. 1320கள்ல. ஹிட்டைட் மன்னர் முதலாம் சுப்பிலுலியுமாவோட படை எகிப்து வசமிருந்த அம்காங்கற பகுதியைத் தாக்கிக் கைதிகளைப் பிடிச்சுட்டு வந்துச்சு, நோயும் கூடவே வந்துச்சு. அடுத்துப் பட்டமேறின மகன் அர்னுவாண்டா சீக்கிரமே நோயில போயிட்டார். அவர் தம்பி இரண்டாம் முர்சிலி களிமண் பலகையில சாமிகிட்ட முறையிடறார்: இருபது வருஷமா சாவு, உங்க நிலத்தை உழறவன் செத்துட்டான், படையலுக்கு ரொட்டி சுடறவளும் செத்துட்டா, இனி யாரு படைப்பாங்க? சாமியையே மிரட்டற மாதிரிதான் இருக்கும்! ஆனா அதே நாடு கி.மு. 1274ல சிரியாவுல காதேஷ்ங்கற இடத்துல எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸோட சரிக்குச் சரி மோதுச்சு. அப்ப நோய் சாய்க்கலை.

பாலக்கோடு:
வறட்சிக்குச் சாட்சி மரம். துருக்கியில கோர்டியன் மேட்டுக் கல்லறைக்குள்ள இருந்த ஜூனிப்பர் மரக்கட்டைகளை ஆராய்ஞ்சு 2023ல வெளியிட்டாங்க. மரத்தோட ஆண்டு வளையம் குறுகினா மழை குறைவு, அது சுலபம். கூடவே கார்பன்-13ங்கற கனமான கார்பன் அளவையும் பார்த்தாங்க. தண்ணி இல்லேன்னா இலைத்துளை மூடிக்கும். வழக்கமா கழிச்சுவிடற அந்தக் கனமான கார்பனையும் மரம் சேர்த்து எடுத்துக்கும். ரெண்டும் கடும் வறட்சின்னு ஒத்துச் சொன்னது கி.மு. 1198 முதல் 1196 வரைக்கும். அங்க கோதுமைக்கு ஆண்டுக்கு 300 மி.மீ. மழையாவது வேணும். நமக்கு 850 சுமாரா பெய்யுது, ஒப்பிடாதீங்க.

ஊத்தங்கரை:
"மூணு வருஷம்"ங்கறதுலதான் விஷயம். தலைநகர் ஹட்டுசாவுல தரையடிக் குழிகள்ல தானியம் கொட்டி, காத்துப் போகாம மண்ணால மூடி வச்சாங்க. உள்ளே இருக்கற ஆக்சிஜனைத் தானியமே தீர்த்துடும், பூச்சி செத்துடும். திறந்தா மொத்தமா எடுத்தாகணும், கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா மிச்சம் பூசணம் பிடிக்கும். முதல் வருஷம் குழி காப்பாத்தும். ரெண்டாவது வருஷம் விதைத்தானியத்துல கை வைப்பான். மூணாவது வருஷம் மழை வந்தாலும் விதைக்க என்ன இருக்கும்? எகிப்து ஏற்கெனவே மெர்னெப்தா மன்னர் காலத்துல கப்பல்ல தானியம் அனுப்பியிருக்கு. ஆனா ஹட்டுசா உள்நாடு. துறைமுகத்துல இறக்கி டாரஸ் மலையைத் தாண்டிச் சுமக்கணும்.

அரூர்வாசி:
அப்ப நகரத்தை எரிச்சது யாரு?

ஊத்தங்கரை:
ஆள் தெரியாதுங்க. எரிஞ்சது அரண்மனையும் கோயில்களும்தான். அதுக்குள்ள பெரிசா எந்தச் சாமானும் கிடைக்கலை. அரசகுடும்பம் முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன்.