வீடுகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு: கேட்டால் பதில் வருவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: கிராமத்து வீடுகளில் கள ஆய்வு. “ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?” என்றால் எல்லோரும் “அதெல்லாம் தெரியாதுங்க, காய்ச்சல் மாத்திரைதான்” என்கிறார்கள். மருத்துவர் சீட்டும் மாத்திரை அட்டையும் யாரிடமும் இல்லை. கேள்வியை எப்படி மாற்றுவது?

பதில் 1: கேள்வியை விடுங்கள், மாத்திரையைக் காட்டுங்கள். முதலில் சுற்றுவட்டார மெடிக்கல் ஷாப், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் என்னென்ன கொடுக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை சேர்த்துப் பையில் போடுங்கள். வீட்டில் பாயில் பரப்பி, பார்த்தது, சாப்பிட்டது, அடிக்கடி வாங்குவது எனப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குவியலையும் வீட்டு எண் சீட்டோடு படம் எடுங்கள். அமாக்சிசிலின் என்ற ஒரே ஆன்டிபயாடிக் அரசு அட்டையில் ஒரு மாதிரி, கடை அட்டையில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் பையில் இல்லையென்றால் கணக்கு குறைந்துவிடும். கடையில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை பேப்பர் கவரில் தருவதால், பிரித்த மாத்திரையையும் காட்டுவது அவசியம்.

பதில் 2: மேலே சொன்னதோடு ஒன்று. 2014 முதல் எச்1 பட்டியல் (சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய, சில ஆன்டிபயாடிக்குகளும் அடங்கிய பட்டியல்) மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். அதனால் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதியும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஜிப் கவரில் மூடிவையுங்கள், கிளம்பும்போது எண்ணிப் பாருங்கள்.

பதில் 3: நினைவுபடுத்திச் சொல்லக் கடந்த இரண்டு வாரம் பற்றிக் கேட்டால் போதும். “போன அமாவாசைக்கு அப்புறம் யாருக்காவது காய்ச்சல், சளி வந்துச்சா?” என்று நோயிலிருந்து தொடங்குங்கள். பிறகு மிச்ச மாத்திரை இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாமி படத்துக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மேல், மஞ்சப்பையில் இருக்கும். “ஏன் முழுசா சாப்பிடல?” என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அடுத்த வீட்டிலிருந்தே எல்லோரும் மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.